பெயர் வைக்கும் முன்னே: வாசகர் கேள்வி – பதில்

பிள்ளைக்கு வைக்கிற பெயரின் பொருளை எப்படிச் சரிபார்ப்பது, அது எந்த மொழியிலிருந்து வந்தது என்பதை எவ்வளவு தூரம் பார்க்க வேண்டும் என்று வாசகர்கள் பலர் எழுதியிருந்தார்கள். அவற்றிலிருந்து சில கேள்விகளும் பதில்களும்.

கேள்வி: எங்கள் மகனுக்கு ‘ஆரவ்’ என்று பெயர் வைத்து எட்டு மாதம் ஆகிறது. ‘அமைதியானவன்’ என்று இணையத்தில் பார்த்துத்தான் வைத்தோம். இப்போது உறவினர் ஒருவர் அதற்குச் ‘சத்தம்’ என்றுதான் பொருள் என்கிறார். பெயரை மாற்றிவிடலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உறவினர் சொல்வதுதான் சரி, அம்மா. சமஸ்கிருதத்தில் ‘ஆரவ’ என்றால் ஓசை, கூவல், முழக்கம். ‘ரவ’ என்றாலே ஒலிதான். ‘வாசலில் ஏதோ அரவம் கேட்டது’ என்கிறோமே, அந்த அரவமும் இதற்குச் சொந்தக்காரச் சொல். அமைதி என்ற பொருள் அதற்குக் கிடையாது. பெயர்ப் பட்டியல் போடும் தளங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதுகின்றன. ஒரே தவறை நூறு இடத்தில் பார்க்கும்போது நமக்கு அது உண்மையாகவே தோன்றிவிடுகிறது.

ஆனாலும் பெயரை மாற்றாதீர்கள். எட்டு மாதப் பிள்ளை அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கத் தொடங்கியிருப்பான். வீட்டில் ஒரு பிள்ளைச் சத்தம் கேட்காதா என்று ஏங்குகிறவர்கள் எத்தனை பேர். அந்தச் சத்தத்தையே பெயராக வைத்திருக்கிறீர்கள். பையன் வளர்ந்து கேட்கும்போது சரியான பொருளைச் சொல்லுங்கள், அது போதும்.

இனிமேல் பெயர் தேடுகிறவர்கள் இப்படிச் செய்யலாம். முதலில், பெயர் எந்த மொழிச் சொல் என்று பாருங்கள். மொழியைச் சொல்லாமல் பொருளை மட்டும் சொல்கிற பட்டியலை நம்ப வேண்டாம். தமிழ்ச் சொல்லானால் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனைப் பாருங்கள். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. இப்போது இணையத்தில் இலவசமாகத் தேடலாம். வடசொல்லானால் மோனியர் வில்லியம்ஸின் சமஸ்கிருத–ஆங்கில அகராதி. அதுவும் இணையத்தில் கிடைக்கிறது. அங்கே பெயர் தலைச்சொல்லாக இல்லாவிட்டால், முன்னொட்டைக் கழற்றிவிட்டுத் தேடுங்கள். ‘அமலா’ கிடைக்காவிட்டால் ‘மல’ கிடைக்கும். மல என்றால் அழுக்கு. அ + மல, அழுக்கற்றவள்.

இதில் பெரும்பாலோர் சறுக்கும் இடம் குறில் நெடில். ஆங்கில எழுத்தில் மாலாவும் மலாவும் ஒன்றுதான். ஆனால் ஒன்று பூமாலை, மற்றொன்று அழுக்கு. ஆகவே ஆங்கில எழுத்தில் பார்த்த பெயரைத் தமிழிலோ தேவநாகரியிலோ எழுதிப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது. தமிழ் எழுத்துக்கும் ஒரு எல்லை உண்டு. ‘தாரா’ என்று எழுதினால் அது விண்மீனா, நீர்த்தாரையா என்று தெரியாது. வடமொழியில் முதலெழுத்து வேறு வேறு. அமுதம் என்ற பொருளில் வரும் சுதாவும் மகள் என்ற பொருளில் வரும் சுதாவும் அப்படியே, அங்கே இரண்டாம் எழுத்து வேறு. நம் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுவதால், எந்தப் பொருளை நினைத்து வைத்தீர்களோ அதுவே பொருள் என்று சொல்லிக்கொள்ள உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

கேள்வி: பேத்தி ஆயில்யம் இரண்டாம் பாதத்தில் பிறந்திருக்கிறாள். ‘டு’ எழுத்தில் பெயர் வைக்க வேண்டும் என்கிறார் ஜோதிடர். அப்படி ஒரு பெயரும் கிடைக்கவில்லையே, ஐயா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: கிடைக்காது, ஐயா. தமிழில் ‘ட’ வரிசையில் சொல்லே தொடங்காது. தொல்காப்பியம் வகுத்த விதி அது. வடமொழியிலும் அந்த எழுத்தில் தொடங்கும் பெயர்கள் அருமை.

இந்த எழுத்துப் பட்டியல் எப்படி அமைந்தது என்று பார்த்தால் உங்கள் கவலை பாதி குறையும். 27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் நான்கு பாதம், ஆக 108 எழுத்து. மகத்துக்கு ம, மி, மு, மே. அனுஷத்துக்கு ந, நி, நு, நே என்று சில நட்சத்திரக்காரர்களுக்கு வஞ்சனை இல்லாமல் வாய்த்துவிடும். ஆயில்யத்துக்கு வாய்த்தது டி, டு, டே, டோ. அஸ்தத்தில் ஒரு பாதத்துக்கு ‘ண’ வருகிறது. அதை வைத்து என்ன பெயர் கட்டுவது?

இதைவிட முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. பட்டியல் வடமொழி ஒலிகளை வைத்துப் போட்டது. அங்கே வல்லோசைக்கு ஓர் எழுத்து, மெல்லோசைக்கு ஓர் எழுத்து. உங்கள் பேத்தியின் ‘டு’, ‘வண்டு’ என்பதில் வருகிற மெல்லிய டு. ‘பட்டு’ என்பதில் வருகிற வல்லோசை டு, பூரம் நான்காம் பாதத்துக்கு உரியது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்று. விசாகத்தை எடுத்துக்கொண்டால் தி, து, தே, தோ நான்குமே பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதி என்று மறுபடி வருகின்றன. ஆகவே தமிழ் எழுத்தை மட்டும் பார்த்து நட்சத்திரத்தைப் பொருத்தும்போது பல வீடுகளில் வேறொரு நட்சத்திரத்தின் எழுத்துதான் அமைந்திருக்கும். யாரும் அதற்காகக் கெட்டுப்போகவில்லை.

பழைய வழக்கத்திலேயே இதற்கு வழி இருக்கிறது. நட்சத்திரப் பெயர் ஒன்று, அழைக்கும் பெயர் ஒன்று என்று இரண்டு வைப்பார்கள். நட்சத்திரப் பெயர் பெற்றோருக்கு மட்டும் தெரிந்த பெயராக இருக்கும் என்று வீட்டுச் சடங்குகளைச் சொல்லும் பழைய வடமொழி நூல்களான கிருஹ்ய சூத்திரங்களே பேசுகின்றன. தொட்டில் போடும் நாளில் அந்த எழுத்தோடு கூடிய ஒரு பெயரைக் காதில் சொல்லுங்கள். ஊரறிய வைக்கும் பெயர் உங்கள் விருப்பம்.

கேள்வி: மகன் அகிலன், மகள் யாழினி. இரண்டும் தூய தமிழ்ப் பெயர்கள்தானே? எப்படிச் சரிபார்ப்பது?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: யாழினி தமிழ். பாடுகிறவள் பாடினி ஆனது போல யாழிலிருந்து யாழினி. சங்க காலப் பெயரல்ல, நம் காலத்தார் கட்டிய பெயர், ஆனால் நன்றாகக் கட்டிய பெயர். அகிலன் என்பது ‘அகில’ என்ற வடசொல்லின் மேல் எழுந்தது. அகில என்றால் ‘எஞ்சாமல் முழுதும்’. நம் அகிலம் அதிலிருந்து வந்ததே.

சலித்துப் பார்க்கும் முறை இது. ஜ, ஷ, ஸ, ஹ இருந்தால் அந்த வடிவம் தமிழ் அல்ல. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன இவற்றில் தொடங்கினாலும் அல்ல. அதனால்தான் இராமன், இலக்குவன் என்று முன்னே ஓர் இகரம் சேர்த்து எழுதினார்கள். ‘ப்ர’, ‘க்ர’ என்று மெய்யெழுத்தில் தொடங்கினாலும் அல்ல. இந்த மூன்றிலும் தேறிவிட்டால் மட்டும் தமிழ் என்று சொல்லிவிட முடியாது. அகிலன் மூன்றிலும் தேறும். நீலா, மேகலா, அமுதா எல்லாம் தேறும். கடைசியாக அகராதியைத்தான் திறக்க வேண்டும். லெக்சிகனில் வடசொல் என்று கருதியதற்குப் பக்கத்தில் மூலச்சொல்லைக் குறித்திருப்பார்கள். அந்தக் குறிப்புகள் பலவற்றைச் சொல்லாராய்ச்சி அறிஞர் தேவநேயப் பாவாணர் மறுத்து எழுதினார் என்பதையும் நினைவில் வையுங்கள். கண்ணன் ‘கண்’ணிலிருந்து வந்தவனா, கிருஷ்ணன் பிராகிருதத்தில் கண்ஹ ஆகி நம்மிடம் வந்தவனா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

பொருள் ஒன்றாக இருந்து சொல் மட்டும் வேறாக இருக்கும் இடமும் உண்டு. மதுரை மீனாட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மீன் போன்ற கண்ணாள். அங்கயற்கண்ணி என்றாலும் அதுவே. கயல்விழி என்றாலும் அதுவே. மூன்று வீட்டில் மூன்று பெண்கள், மூவரும் ஒரே பெயர்க்காரிகள். இதில் மீன் என்ற சொல் திராவிட மொழிகளிலிருந்து வடமொழிக்குப் போனது என்பதுதான் மொழியியலார் பலர் கருத்து. நம்மிடமிருந்து போய், கண்ணுக்கு வடசொல்லான ‘அக்ஷி’யைச் சேர்த்துக்கொண்டு மதுரைக்குத் திரும்பி வந்த பெயர் மீனாட்சி. மூலம் பார்க்கும்போது இவ்வளவு தூரம் பார்க்க வேண்டும். ‘ட்சி’யைக் கண்டதும் தள்ளிவிடக் கூடாது.

தமிழ்ப் பெயர் வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்கு மொழிபெயர்ப்பு நல்ல வழி. சூரியநாராயண சாஸ்திரியார் பரிதிமாற்கலைஞர் ஆனார்: சூரியன் பரிதி, நாராயணன் மால், சாஸ்திரி கலைஞர். சுவாமி வேதாசலம் மறைமலையடிகள் ஆனார்: வேதம் மறை, அசலம் மலை, சுவாமி அடிகள். தாத்தாவின் பெயரைக் கைவிடாமல், தமிழையும் கைவிடாமல் பெயர் வைக்க இதைவிடச் சிறந்த வழி தெரியவில்லை.

கேள்வி: ‘மாறன்’ என்றால் பாண்டியனா, மன்மதனா?
– வாசகி, விருதுநகர்

பதில்: எந்த ‘ர’ என்பதைப் பொறுத்தது. பாண்டியன் மாறன் தமிழ்ச் சொல். மன்மதன் மாரன் வடசொல், அதற்கு இடையின ‘ர’. வல்லின ‘ற’ போட்டு எழுதினால் பாண்டியனேதான். ஆங்கிலத்தில் எழுதும்போது இருவரும் ஒருவராகிவிடுவார்கள்.

கேள்வி: என் அப்பத்தாவின் பெயர் குப்பம்மாள். என்னை வளர்த்தவர் அவர். மகளுக்கு அந்தப் பெயரை வைக்க ஆசை. பள்ளியில் கேலி செய்வார்களே என்று வீட்டில் தடுக்கிறார்கள்.
– வாசகி, மதுரை மாவட்டம்

பதில்: குப்பம்மாள், குப்புசாமி, பிச்சை, பிச்சையம்மாள், மண்ணாங்கட்டி – இவையெல்லாம் இழிவாக நினைத்து வைத்த பெயர்கள் அல்ல. முந்திப் பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்துத் தவறிப்போன வீட்டில், இந்தப் பிள்ளையாவது தங்கட்டும் என்று வைத்தவை. பிறந்த பிள்ளையைக் குப்பைமேட்டில் கிடத்தி, அல்லது குப்பையில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்து, ‘இது குப்பையில் கிடந்தது, யாருக்கும் வேண்டாதது’ என்று சொல்லிப் பெயரிடுவார்கள். எமன் கண்ணுக்கும் ஊர்க் கண்ணுக்கும் பிள்ளை படக் கூடாது. பிச்சை என்ற பெயருக்குப் பின்னால் மடிப்பிச்சை ஏந்திய ஒரு தாய் இருப்பாள். அகராதியில் குப்பை என்றால் குப்பைதான். ஆனால் உங்கள் அப்பத்தாவைப் பெற்றவள் அந்தப் பெயரைச் சொன்னபோது ‘பிழைத்துக் கிட’ என்றுதான் சொன்னாள். பெயரின் பொருளை அகராதியில் மட்டும் தேடக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இதோடு ‘போதும்பொண்ணு’, ‘வேண்டாம்’ போன்ற பெயர்களைச் சேர்க்காதீர்கள். அவை அடுத்தது ஆணாகப் பிறக்க வேண்டும் என்று பெண்ணின் தலையில் எழுதியவை. அப்படிப் பெயர் தாங்கியவர்கள் மாற்றிக்கொள்ள விரும்பினால் வீட்டார் துணை நிற்க வேண்டும்.

பாட்டி பெயரைப் பேத்திக்கு வைப்பதில் உள்ள நியாயம் சொல்லிலேயே இருக்கிறது. பெயரன் – பேரன். பெயர்த்தி – பேத்தி. பெயரைத் தாங்குகிறவர் என்பதுதான் அந்த உறவுக்கே பெயர். மாமனார் மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்ற வழக்கம் இருந்ததால், தாத்தா பாட்டி பெயர் வைத்த பிள்ளையை அய்யா, அப்பு, ஆத்தா என்று கூப்பிட்டு வளர்த்தார்கள். ஆக, ஒரு பிள்ளைக்கு ஏட்டில் ஒரு பெயரும் வீட்டில் ஒரு பெயரும் இருப்பது நமக்குப் புதிதல்ல.

நீங்கள் செய்யக்கூடியது: குப்பம்மாளை இரண்டாம் பெயராகச் சேர்த்துப் பதியுங்கள். முன்னே ஒரு பெயர், பின்னே அப்பத்தா பெயர். பள்ளி வருகைப் பதிவேட்டில் முதல் பெயரைத்தான் பெரும்பாலும் கூப்பிடுவார்கள். மகளுக்கு விவரம் தெரியும் வயதில் அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்லிவிடுங்கள். கதை தெரிந்த பிள்ளைக்குக் கேலியைத் தாங்கத் தெரியும்.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் சின்னப்பன், அருளப்பன் என்று பெயர்கள் வருகின்றன. இவற்றுக்கும் புனிதர்களுக்கும் என்ன தொடர்பு?
– வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: நேரான தொடர்பு. பவுல் என்பதன் இலத்தீன் மூலத்துக்குச் ‘சிறியவர்’ என்று பொருள், அதனால் சின்னப்பர். யோவான் என்ற எபிரேயப் பெயருக்கு ‘கடவுள் அருளினார்’ என்று பொருள், அதனால் அருளப்பர். ஒலியை விட்டுவிட்டுப் பொருளை எடுத்துக்கொண்டார்கள். திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்த நீலகண்டன் 1745இல் திருமுழுக்குப் பெற்றபோது லாசர் என்ற பெயரை ‘தேவசகாயம்’ என்று தமிழில் பெற்றார். எபிரேயத்தில் அது ‘கடவுள் உதவினார்’. 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்டவர் அவரே. இத்தாலியிலிருந்து வந்த கான்ஸ்டன்டைன் பெஸ்கி முதலில் தைரியநாதர் என்று பெயர் கொண்டதும் இப்படித்தான்: நிலை குலையாதவர். பிறகுதான் வீரமாமுனிவர். பெயரின் பொருளை இவ்வளவு மதித்த மொழிபெயர்ப்பு வேலை தமிழில் வேறெங்கும் நடந்ததாகத் தெரியவில்லை. இந்தப் பெயர்களை விடாதீர்கள்.

கேள்வி: மகன் பெயர் அப்துல் ரஹ்மான். பள்ளியில் ‘அப்துல்’ என்று மட்டும் எழுதிவிட்டார்கள். அப்படியே விட்டுவிடலாமா?
– வாசகர், இராமநாதபுரம்

பதில்: விடாதீர்கள். அப்து என்றால் அடியார்; ‘அல்’ அடுத்த சொல்லின் முன்னொட்டு. ‘அப்துல்’ என்று நிறுத்தினால் ‘இன்னாருடைய அடியார்’ என்பதில் இன்னார் யார் என்பதே விடுபட்டுப் போகிறது. ரஹ்மானை மட்டும் தனியே கூப்பிடுவதும் சரியல்ல, அது இறைவனின் பெயர். இரண்டு சொல்லையும் ஒரே பெயராக ஒரே கட்டத்தில் எழுதச் சொல்லுங்கள். ‘அ. ரஹ்மான்’ என்று முதல் பாதியைத் தலைப்பெழுத்தாக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது பலருக்கு நடக்கிறது.

கேள்வி: ‘கவின்’ என்ற பெயரில் எண் சரியில்லை, ஆங்கிலத்தில் ஓர் எழுத்தைக் கூட்டுங்கள் என்கிறார் எண்கணிதக்காரர்.
– வாசகி, சேலம்

பதில்: கவின் என்றால் அழகு, பழைய, நல்ல தமிழ்ச் சொல். அதில் குறை ஒன்றுமில்லை. எண் போடுவது பெயருக்கு அல்ல, அதன் ஆங்கில எழுத்துக்கூட்டுக்கு. கே, ஏ, வி, ஐ, என் என்ற ஐந்து எழுத்துக்கும் கல்தேய முறையில் 2, 1, 6, 1, 5. கூட்டினால் 15, அதாவது 6. பித்தகோரஸ் முறையில் 2, 1, 4, 9, 5. கூட்டினால் 21, அதாவது 3. ஒரே பெயருக்கு இரண்டு எண். தமிழில் எழுதினால் எண்ணே இல்லை. கடைசியில் இன்னொரு ‘என்’ சேர்த்தால், பிறப்புச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று, மதிப்பெண் சான்றிதழில் ஒன்று என்று எழுத்து மாறி, பையன் இருபது வயதில் அலுவலகம் அலுவலகமாக அலைவான். வேண்டாம்.

கேள்வி: பெயர் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் வாங்கியிருக்கிறோம். இப்போது மகள் பெயரைச் சேர்க்க வேண்டும். ‘கயல்விழி’ என்று முடிவு செய்திருக்கிறோம். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?
– வாசகர், விழுப்புரம்

பதில்: பிறப்பைப் பதிந்த அதே அலுவலகத்தில் பெற்றோர் எழுத்துமூலம் கேட்க வேண்டும். பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் என்றால் கட்டணமில்லை. அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஒருமுறை சேர்த்துவிட்டால், எழுத்துப்பிழையைத் திருத்துவது வேறு, பெயரையே மாற்றுவது வேறு. பெயர் மாற்றம் அரசிதழ் வரைக்கும் போகும். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த பிள்ளைகளுக்குப் பிறந்த நாளையும் ஊரையும் காட்டப் பிறப்புச் சான்றிதழ்தான் ஆவணம். பள்ளிச் சேர்க்கையிலிருந்து கடவுச்சீட்டு வரை அதையே கேட்பார்கள். எனவே முதல் தடவையிலேயே சரியாக எழுதுங்கள்.

விண்ணப்பத்தில் தமிழிலும் ஆங்கிலப் பெரிய எழுத்திலும் நீங்களே எழுதிக் கொடுங்கள். வாயால் சொல்லி விடாதீர்கள். கயல்விழியில் சிக்கல் ‘ழி’. தமிழ்நாட்டில் இசட், எச் போட்டு எழுதுகிறோம்; இலங்கைத் தமிழர் பலர் ‘எல்’ மட்டும் போடுவார்கள். இசட், எச் போட்டால் வெளியூர்க்காரர் ‘விஷி’ என்றோ ‘விஜி’ என்றோ படிப்பார். ‘எல்’ போட்டால் கயல்விலி ஆகும். இரண்டிலும் நட்டம் உண்டு, எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு எல்லா ஆவணத்திலும் அதையே எழுதுங்கள். ‘கயல்’, ‘விழி’ என்று இடைவெளி விடாதீர்கள். விட்டால் விழி என்பது குடும்பப் பெயராகிவிடும்.

தலைப்பெழுத்தைப் பற்றி ஒன்று. கடவுச்சீட்டில் தலைப்பெழுத்து மட்டும் செல்லாது. தந்தை பெயரையோ தாய் பெயரையோ விரித்து எழுத வேண்டும். குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டால், அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்கும் இடத்தில் ‘பெயர் தெரியாது’ என்பதற்கான மூன்றெழுத்துக் குறி விழும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர்க் கடவுச்சீட்டோடு வருகை விசாவில் வருகிறவர்களை ஏற்பதில்லை என்று அறிவித்தது; இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் ஏற்கலாம் என்று பிறகு விளக்கியது. ஆகவே கயல்விழியைத் தன் பெயர்க் கட்டத்திலும் உங்கள் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்திலும் எழுதுங்கள். வெளிநாட்டு விமான நிலையத்தில் மகளை உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்பதை அவளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.